சத்தம் கேட்டால் மார்க் இல்லை

என் சாக்பீஸ் பெட்டியில் தினமும் திருட்டுப் போனதால்தான் அந்த டீச்சரோடு எனக்குப் பழக்கமே ஏற்பட்டது. காலையில் இருபது எண்ணி வைப்பேன். மதியம் திறந்தால் ஆறு இருக்கும். நான் கணக்கு வாத்தியார். மீதி பதினாலு எங்கே என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது.

மூன்றாம் நாள் துப்புத் துலக்கக் கிளம்பினேன். துப்பு காலடியிலேயே கிடந்தது. ஸ்டாஃப் ரூம் வாசலில் தொடங்கிய வெள்ளைத் தூள், தாழ்வாரம் வழியாகப் போய் மாடிப்படி ஏறிப் பெரிய ஹாலுக்குள் நுழைந்தது. எங்கள் பள்ளிக்கு மைதானம் கிடையாது. இருந்த இடத்தில் புதுக் கட்டடம் எழுப்பிவிட்டார்கள். பரீட்சையும் விளையாட்டு பீரியடும் அந்த ஹாலில்தான். தரை முழுக்க வட்டங்கள், அம்புக்குறிகள், ஜோடி ஜோடியாகப் பாதங்கள். நடுவில் ஒல்லியாக ஒரு பெண் குந்தி உட்கார்ந்து, தன் ஷூவைச் சுற்றிக் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். புதிதாக வந்த பி.டி. டீச்சர்.

"அது என் சாக்பீஸா?"

"தெரியல சார். ஸ்டாஃப் ரூம்ல இருந்துச்சு."

"பெட்டி மேல 'கணக்கு'ன்னு கொட்டை எழுத்துல எழுதியிருக்கே!"

"நானும் கணக்குதான் சார் போடுறேன். நாப்பத்தோரு பிள்ளைங்க, எண்பத்திரண்டு பாதம். இன்னும் முப்பது பாதம் பாக்கி. ரெண்டு பீஸ் கிடைக்குமா?"

கோபம் வந்தது. ஆனாலும் சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அந்த வாரமே பிள்ளைகள் அவருக்குச் 'சாக்பீஸ் டீச்சர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கு அவர்கள் வைத்த பெயர் 'பக்கத்து வீடு'. அதற்குக் காரணம் உண்டு. வகுப்பில் யாராவது தூங்கினால் சாக்பீஸ் துண்டை எறிந்து எழுப்புவது என் வழக்கம். இருபத்தாறு வருடமாக எறிகிறேன். தூங்குகிறவன் மேல் ஒருநாளும் பட்டதில்லை. எனக்கு இடப்பக்கமாக, அவனுக்கு அடுத்து உட்கார்ந்திருக்கும் அப்பாவி மேல்தான் விழும். நான் கையை ஓங்கினால் தூங்குகிறவன் நிம்மதியாகத் தூங்குவான், பக்கத்து ஆள் குனிந்துகொள்வான். வகுப்பு வகுப்பாக இது பரம்பரைச் சொத்துபோல் போய்க்கொண்டிருந்தது.

பழைய பி.டி. மாஸ்டர் இருந்த காலத்தில் எனக்குச் சாக்பீஸ் பஞ்சமும் இல்லை, பீரியட் பஞ்சமும் இல்லை. "ஒன்பது பி-யை இன்னிக்கு நான் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டால், "தாராளமா எடுத்துக்குங்க" என்று பேப்பரை மடித்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவார். எடுக்காத நாட்களில் ஒரு பந்தை உள்ளே போட்டுவிட்டு நாற்காலியில் உட்காருவார். ஆறு பேர் ஆடுவார்கள், முப்பத்தைந்து பேர் சுவரோரம் ஒட்டி நிற்பார்கள். அதற்குப் பெயர் உடற்கல்வி.

அதே கேள்வியைப் புது டீச்சரிடம் கேட்டேன்.

"முடியாது சார். என் சிலபஸ் முடியல."

"உங்களுக்கென்னம்மா சிலபஸ்?"

"ஓடணும், நிக்கணும், திரும்பணும். ஒத்தக் கால்ல குதிக்கணும். எறியணும், பிடிக்கணும். உயரத்துலேருந்து குதிச்சா அடிபடாம இறங்கணும்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். "மூணு வயசுல படிச்சத பதினாலு வயசுல படிக்கிறாங்களா?"

"யாரு சார் மூணு வயசுல படிச்சாங்க? நாளைக்கு வந்து பாருங்க."

போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

தெருவில் அணி வைத்து ஆடுகிறவன், 'கேப்டன்' என்று எல்லோரும் கூப்பிடும் பையன், இடது காலில் நொண்டியடித்து நாலாவது தாவலில் சுவரைப் பிடித்தான். பெஞ்சிலிருந்து குதித்தவர்கள் மூட்டை இறக்குவதுபோல் தொம் தொம்மென்று விழுந்தார்கள். நெடுநெடுவென்று வளர்ந்த ஒரு பெண்ணிடம் டீச்சர் பந்தைத் தூக்கிப் போட்டார். அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள், இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டாள். பந்து நெஞ்சில் பட்டுத் தரையில் உருண்டது. 'கண்மூடி' என்பது அவள் பட்டப்பெயர் என்று பக்கத்திலிருந்தவன் எனக்கு விளக்கினான். அவளுக்கும் அது கேட்டது.

டீச்சர் பந்தை ஓரமாக வைத்துவிட்டு ஒரு கைக்குட்டையை மேலே வீசினார். அது ஆடி அசைந்து இறங்கியது. "பந்த மறந்துடு. இத மட்டும் பாத்துக்கிட்டே இரு. பிடிக்கக்கூட வேணாம்" என்றார். கண்மூடி பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசி நொடியில் மூடிக்கொண்டாள். "கொஞ்சம் தேவல. மறுபடியும்."

கையில் ஒரு தாள் வைத்திருந்தார். எத்தனை அடி குதித்தான் என்பதற்கு அதில் இடமே இல்லை. முட்டி மடங்கியதா, கை முன்னால் வந்ததா, முன்பாதம் முதலில் பட்டதா என்று மூன்று கட்டம். நாலாவது கட்டத்தின் தலைப்பு: சத்தம் கேட்டால் மார்க் இல்லை.

அதோடு நான் கிளம்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை. "சார், நீங்க நல்லா எறிவீங்களாமே. அந்தச் சுவத்து வட்டத்துல ஒண்ணு எறிஞ்சு காட்டுங்க" என்றார் டீச்சர். நாற்பத்தோரு பேரும் என்னைப் பார்த்தார்கள். மறுக்க முடியுமா? ஓங்கி எறிந்தேன். வட்டத்துக்கு இடப்பக்கம் ஒரு கெஜம் தள்ளிப் பட்டது. பக்கத்து வீட்டில் விழுந்தது என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது.

டீச்சர் சாக்பீஸ் போன திசையைப் பார்க்கவேயில்லை. என் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலது கையால எறியிறீங்க, வலது காலையே முன்னால வைக்கிறீங்க சார். இடது கால வைக்கணும். அப்பதான் இடுப்பு திரும்பும்."

"இருபத்தாறு வருஷமா எறியிறேன்மா நான்!"

"இருபத்தாறு வருஷமா தப்பா எறியிறீங்க சார்."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. முட்டி மடங்கவில்லை என்று பையனிடம் சொல்வதுபோல்தான் சொன்னார். ஆனால் ஹால் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது. விறுவிறுவென்று இறங்கி வந்தேன். அன்று மாலையே எச்.எம். மேடத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். சென்ற தேர்வில் ஒன்பது பி-யில் ஒன்பது பேர் கணக்கில் ஃபெயில். ஆகவே அவர்களின் இரண்டு விளையாட்டு பீரியடையும் கணக்குக்கு ஒதுக்கித் தரவும். அத்தனையும் உண்மை. ஆனால் ஃபெயிலானவர்களுக்காக எழுதினேன் என்றால் அது பொய். சிரித்தவர்களுக்காக எழுதினேன்.

எச்.எம். மேடத்தின் மேசைக்குள் போகும் கடிதத்துக்கு வழக்கமாகப் பதில் வராது. இரண்டு வாரத்தில் என் கோபமும் ஆறிவிட்டது, கடிதமும் மறந்துவிட்டது.

செவ்வாயும் வியாழனும் ஒன்பது பி ஹாலுக்குப் போகிற நேரம் எனக்கு ஓய்வு பீரியட். மாடியில் காலியாகக் கிடக்கும் அவர்கள் வகுப்பில் போய் உட்காருவேன்; அதன் ஜன்னலுக்கு நேரெதிரே ஹால் ஜன்னல்கள். விடைத்தாள் திருத்தியபடி பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு மாதத்தில் கேப்டன் இரண்டு காலிலும் பத்துப் பத்துத் தாவல் போட்டான். கைக்குட்டை போய்த் துணிப்பை வந்தது. டீச்சரின் அம்மா தையல்காரர். வெட்டி மிஞ்சிய துண்டுகளை அடைத்து உள்ளங்கை அளவில் நாற்பத்தோரு பைகள் தைத்துக் கொடுத்திருந்தார். கண்மூடிக்குப் பூப்போட்ட பை. பதினெட்டு முறை தவறவிட்டுப் பத்தொன்பதாவது முறை அவள் அதைப் பிடித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். எண்ணினேன் என்று ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. அன்றிலிருந்து என் பெட்டியில் இருபத்தைந்து சாக்பீஸ் வைக்க ஆரம்பித்தேன்.

வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இடது காலை முன்வைத்து எறிந்து பார்ப்பேன். முதலில் கை ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் இழுத்தது.

"என்னங்க, செவுத்தோட சண்டையா?" என்றாள் மனைவி.

"உடற்பயிற்சி."

"சாக்ஸெல்லாம் ஏன் பீரோ மேல கிடக்குது?"

ஸ்டூலைப் போட்டு ஏறி எல்லாவற்றையும் எடுத்தேன். காரணத்தைச் சொன்னால் ஊரெல்லாம் சொல்லிவிடுவாள்.

டீச்சரின் கதை எனக்குத் தெரிந்தது டீ இடைவேளைகளில்தான். விளையாட்டு டீச்சர் என்றால் சுவர் நிறையப் பதக்கம் தொங்கும் என்று நினைத்தேன். இவர் வாழ்நாளில் எதிலும் ஜெயித்ததில்லை. அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வார். மாடியில் ஒரே அறை வீடு. அதில் பாதி அம்மாவின் தையல் மெஷினும் துணியும். தரையெல்லாம் குண்டூசி. "நகராத, ஊசி குத்தும்" என்பதுதான் அவர் குழந்தையாகக் கேட்ட முதல் வாக்கியமாம். நகராமலே வளர்ந்தார். பள்ளியில் எப்போதும் எக்ஸ்ட்ரா. மற்றவர்கள் ஆடும்போது செருப்புகளுக்குக் காவல்.

"எங்க அக்கா குழந்தை நடக்கப் பழகும்போது பாத்தேன் சார். நூறு தடவ விழுந்துச்சு. ஒருத்தர்கூட உனக்கு இது வராதுன்னு சொல்லல. கைதான் தட்டுனாங்க. எனக்கு ஏன் சார் யாருமே கை தட்டல?" சிரித்துக்கொண்டே கேட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பதினேழு வயதில் அந்த வீட்டுத் தாழ்வாரத்தில் தனியாகக் குதித்துப் பழகியிருக்கிறார். தொம்மென்ற சத்தம் கேட்டதும் கீழ் வீட்டுக்காரர் விளக்குமாற்றுக் கட்டையால் கூரையை இடிப்பாராம். அவருக்குப் பயந்து, சத்தமே வராமல் இறங்கக் கற்றுக்கொண்டார். "சத்தம் வரலன்னா முட்டி சரியா மடங்குதுன்னு அர்த்தம் சார். அந்த மனுஷன்தான் எனக்கு கோச்." உடற்கல்விக் கல்லூரித் தேர்வில் கடைசிக்கு முந்திய இடம். கடைசியாக வந்தவருக்குக் காலில் கட்டுப் போட்டிருந்ததாம்.

மூன்று மாதம் கழித்து ஒரு புதன்கிழமை, டீச்சர் ஒரு அட்டைப்பெட்டியை என் மேசைமேல் வைத்தார். உள்ளே சாக்பீஸ் துண்டுகள். அரை விரல், கால் விரல், நகக்கண் அளவு.

"உங்க பாக்கி சார். முழுசா இல்ல, மன்னிச்சுக்குங்க."

"என்னம்மா இது?"

"திங்கக்கிழமையிலேருந்து ஒன்பது பி உங்களுக்கு. ஆர்டர் வந்துருச்சு. வாரத்துக்கு இருபத்து நாலு பீரியட் இருந்தாதான் முழு வேலையாம். எனக்குச் சரியா இருபத்து நாலு. ரெண்டு போனா அரை வேலை. அரைச் சம்பளத்துல இங்க ரூம் எடுத்து இருக்க முடியாது. மாசக் கடைசில அம்மாகிட்ட போயிடறேன்."

என் கடிதம் மேசைக்குள்ளிருந்து எழுந்து வந்துவிட்டது. அது என் கடிதம் என்று அவருக்குத் தெரியும். ஆர்டரிலேயே போட்டிருந்தது. "பிள்ளைங்க பாஸாகணும்ல சார்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டி மனதைச் சமாதானம் செய்துகொண்டிருப்பேன்.

நேராக எச்.எம். அறைக்குப் போனேன். ஹாலுக்கு நேர் கீழே அந்த அறை. மேடம் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், அந்த பீரியட் எனக்கு வேணாம். அந்தம்மா நல்லா நடத்துறாங்க."

"நடத்துறாங்களா?" மேடம் ஒரு நோட்டைத் திறந்தார். கேட்பதற்கு முன்னால் எழுதிவிடுவது அவர் பழக்கம். "பாருங்க. பழைய மாஸ்டர் இருந்தப்ப பீரியட் நடந்தா எனக்கு இங்க தெரியும். கூரை அதிரும், டீயில தூசி விழும். டம்ளர ஃபைல் போட்டு மூடி வைப்பேன். இவங்க வந்து மூணு மாசமா ஒரு பொட்டுத் தூசி விழல. ஒன்பது பி-க்கு மட்டும் இருபத்து மூணு பீரியட், வகுப்பு நடக்கலன்னு குறிச்சு வச்சிருக்கேன். பிள்ளைங்கள உக்கார வச்சுட்டுச் சும்மா இருக்காங்க சார்."

எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. "மேடம், மேல வந்து பாருங்க."

"என் முட்டி படியேறாது சார். தெரியுமில்ல?"

"நாளைக்கு ஒருநாள் ஏறுங்க. நான் கை குடுக்கறேன்."

வியாழக்கிழமை பதினெட்டுப் படிகளை நாங்கள் ஏறி முடிக்கவே பாதி பீரியட் போய்விட்டது. கதவருகே வரும்வரை மேடம் நோட்டை விரலிடுக்கில் தயாராக வைத்திருந்தார். "கேட்டீங்களா? ஊசி விழுந்தாக்கூடக் கேக்கும் போல இருக்கு" என்றார் வெற்றியோடு. கதவைத் தள்ளினேன்.

எட்டு பெஞ்சுகள். ஒவ்வொன்றிலிருந்தும் பிள்ளைகள் வரிசையாகக் குதித்துக்கொண்டிருந்தார்கள். முன்பாதம் படும், முட்டி மடங்கும், கை முன்னால் வரும், எழுந்து நகர்வார்கள், அடுத்தவர் குதிப்பார். நாற்பத்தோரு பேர். பூனைக் கூட்டம் மதிலிறங்குவதுபோல் இருந்தது. கேட்டதெல்லாம் மூச்சுச் சத்தமும் டீச்சரின் கைதட்டலும்தான்.

மேடம் ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்தார். "இவ்வளவு பேரும் என் தலைக்கு மேலயா குதிச்சாங்க?" என்றார் கடைசியில்.

"வாரத்துக்கு ரெண்டு தடவ மேடம்" என்றார் டீச்சர். "இறங்கும்போது முட்டிய வெறைப்பா வைக்காதீங்க மேடம். லேசா மடக்கி இறங்குங்க, வலி குறையும்."

மேடம் நோட்டின் அந்தப் பக்கத்தைக் குறுக்கே அடித்தார். ஆனால் கீழே வந்ததும் எச்.எம்.மாகிவிட்டார். "ஆர்டர ரத்து பண்றேன். ஆனா கேட்டது நீங்க. அதனால பீரியட் வேணாம், இருக்குற நேரத்துலயே ஒன்பது பேரையும் பாஸாக்குறது என் பொறுப்புன்னு எழுதிக் குடுங்க. நாளைக்கு நாலு மணிக்குள்ள. இல்லன்னா ஆர்டர் நிக்கும்."

எழுதிவிட்டேன். கையெழுத்துதான் போடவில்லை. நியாயம் எது என்று எனக்குத் தெரியும். பயமும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதம் மட்டுமே பாக்கி, முக்கோணவியல் தொடங்கவேயில்லை. ஒன்பதில் நாலு பேர் விழுந்தால்கூட என் பெயர்தான் நாறும். அந்த டீச்சர் எனக்கு என்ன சொந்தமா பந்தமா? இரவு முழுக்க இப்படி எனக்கு நானே வக்கீலாக வாதாடினேன்.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் ஒன்பது பி-க்குக் கணக்கு. தாள் சட்டைப் பையில். கடிகாரம் மூன்று முப்பத்தைந்து. முக்கோணம் வரைந்துவிட்டுத் திரும்பினால், கடைசி பெஞ்சில் ஒரு தலை மெதுவாகச் சாய்ந்துகொண்டிருந்தது. கண்மூடி.

என் கை தானாகச் சாக்பீஸை எடுத்தது. வகுப்பு உஷாரானது. அவளுக்குப் பக்கத்திலிருந்த பெண், என் கை உயரும் முன்பே பழக்கதோஷத்தில் டெஸ்க்குக்கு அடியில் போய்விட்டாள். நான் நின்றேன். இடது காலை ஒரு அடி முன்னால் வைத்தேன்.

முதலில் கவனித்தவன் கேப்டன். "டேய்! சார் கால் மாத்திட்டாரு!" என்று கத்தினான்.

அந்தக் கத்தலில் கண்மூடி விழித்தாள். சாக்பீஸ் என் கையை விட்டுக் கிளம்பிவிட்டது. இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக, பக்கத்து வீட்டுக்குப் போகாமல், சேர வேண்டிய முகவரிக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தது. ஐயோ, முகத்தில் பட்டுவிடுமே! குறி தப்பவேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அன்றுதான்.

அவள் அதைப் பார்த்தாள். முழுக்கப் பார்த்தாள். கண்ணை மூடவேயில்லை. ஒரு கையை உயர்த்தி, மூக்குக்கு ஒரு சாண் முன்னால் அதைப் பிடித்தாள்.

பிள்ளைகள் பெஞ்சைத் தட்டினார்கள், விசிலடித்தார்கள், டெஸ்க்குக்கு அடியிலிருந்தவள் வெளியே வந்து என்ன ஆச்சு என்று எல்லோரையும் கேட்டாள். கண்மூடி தன் உள்ளங்கையைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாக்பீஸ் தூள் என்று சொல்லிச் சமாளித்தேன்.

தாளை எடுத்து மேசைமேல் விரித்துக் கையெழுத்துப் போட்டேன்.

"எழுந்து வா. தூங்குனதுக்குத் தண்டனை. இத எச்.எம். மேடம்கிட்ட குடுத்துட்டு வா. நாலு மணிக்குள்ள."

"சார், இந்த சாக்பீஸ்?"

"அதையும் கொண்டு போ. திரும்பி வரும்போது ஹால்ல சாக்பீஸ் டீச்சர் இருப்பாங்க. கணக்கு சார் குடுத்தாருன்னு சொல்லு. எப்படிக் கிடைச்சதுன்னும் சொல்லு."

அவள் தாளையும் சாக்பீஸையும் வாங்கிக்கொண்டு ஓடினாள். எங்கள் மாடி வகுப்பின் வாசலை ஒட்டித்தான் கீழே போகும் படி. மூன்று மூன்று படியாகத் தாவித்தான் இறங்குவாள், அவள் வயது அப்படி. விழுந்துவிடப் போகிறாளே என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

ஒரு சத்தமும் கேட்கவில்லை.